கனடா வயரும் மாமாவின் மூச்சும்

தண்ணீர்க் குழாயின் வாயைப் பெருவிரலால் அமத்தினால் தண்ணீர் சீறிக்கொண்டு போகும். ஆகவே மெல்லிய வயருக்குள்ளால் போகிற கரண்ட், தடித்த வயருக்குள்ளால் போகிற கரண்டைவிட வேகமாகவும் பலமாகவும் போகும் என்று நான் நம்பியிருந்தேன். ஐம்பதைத் தொட்டுக்கொண்டு நிற்கிற ஆள் நான். உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தவன். சிரிக்க விரும்புகிறவர்கள் கொஞ்சம் மிச்சம் வைத்துச் சிரியுங்கோ, ஏனென்றால் இரண்டாவது நம்பிக்கை இதைவிட மோசம். மிஞ்சின வயரை வெட்டாமல் சுருட்டித் தொங்கவிட்டால் அந்தச் சுருளுக்குள் கொஞ்சக் கரண்ட் எப்போதும் தங்கி நிற்கும், அவசரத்துக்கு உதவும் என்றும் நினைத்திருந்தேன். இது யாரும் சொல்லித் தந்ததில்லை. சொந்தக் கண்டுபிடிப்பு.

தென்மேல் காற்று அடிக்கிற ஒரு சோளகக் காலத்தில் இந்த இரண்டு நம்பிக்கைகளையும் சேர்த்துக் கட்டி, அதன் நுனியில் என் மாமாவின் மூச்சைக் கொழுவிவிட்டேன்.

மாமா என்றது என் மனைவியின் தகப்பன். வாழ்நாள் முழுக்கத் தோட்டம், பனை, சுருட்டு. முதல் இரண்டும் அவரை நல்லாய் வைத்திருந்தன. மூன்றாவது நெஞ்சைத் தின்றுவிட்டது. யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு, மூக்கில் குழாயோடும் காற்றிலிருந்து ஒட்சிசன் பிரித்துக் கொடுக்கிற ஒரு மிஷினோடும் வீட்டுக்கு வந்தார். மிஷின் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். கரண்ட் நின்றால் பாவிக்க ஒரு சின்னச் சிலிண்டரும் தந்தார்கள். அவ்வளவுதான் எங்களுக்கும் பயத்துக்கும் நடுவில் இருந்த வேலி.

சுருவிலில் இருக்கிற எங்கள் வீடு, மனைவியின் சகோதரன், என் மச்சான், கனடாவில் இருந்து அனுப்பிய காசில் எழும்பிய கொங்கிறீற் கூரை பிளாட் வீடு. பார்க்க வடிவு. வெயில் ஏறினால் உள்ளே இருக்க ஏலாது. மாமா ஓர் இரவு அந்த அறையில் மிஷினோடு படுத்துவிட்டு விடியச் சொன்னார்:

"தம்பி, உது அறையில்லை. பாண் போடுற போறணை. என்னை நல்லா வேகவைச்சுத்தான் அனுப்பப் போறியளோ?"

அவர் பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் அடுத்தடுத்த நாட்களிலும் நித்திரை இல்லை. இருந்தபடியே மூச்சு வாங்கி இளைத்தார். சாப்பாட்டுக் கோப்பையைக் கையால் தள்ளினார். "நித்திரையும் சாப்பாடும் இல்லாட்டில் மிஷின் மட்டும் ஒண்டும் செய்யாது" என்று ஊர்காவற்றுறையில் டொக்டர் என் மனைவியிடம் சொல்லியிருந்தார். மாமா கேட்டது ஒன்றே ஒன்று. கிணற்றடிக் கொட்டிலில் கட்டிலைப் போடவேண்டும். தோட்டம் இறைக்கிற காலத்தில் தானே பனையோலையால் வேய்ந்த கொட்டில். சோளகம் நாலு பக்கத்தாலும் வந்து போகும்.

வீட்டையும் கிணற்றையும் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் வீட்டடியில் தோண்டினால் உவர்தான் வரும். நல்ல தண்ணீர் எங்கே ஊறுகிறதோ அங்கேதான் கிணறு. அதற்கும் நாலு குடும்பம் பங்கு. எங்கள் பங்குக் கிணறு வீட்டுக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆனால் நேரே போக ஏலாது. அடுத்த வீட்டு அண்ணையின் காணி நடுவில் ஆப்பு மாதிரிச் செருகி நிற்கிறது. எப்போதோ வேலி அடைக்கும்போது யாரோ ஒரு கதியாலை, வேலித் தடியை, கொஞ்சம் தள்ளி நட்டுவிட்டார்களாம். யார் தள்ளியது என்பதில் மாமாவுக்கும் அந்த அண்ணைக்கும் வேறு வேறு சரித்திரம். இருவருக்கும் இடையில் அன்று நின்ற பேச்சு இன்றும் நின்றபடிதான். ஆகவே ஆளோ மாடோ வயரோ, எதுவானாலும் அந்தக் காணியைச் சுற்றி வேலியோரமாக நீட்டு வழியில்தான் போகவேண்டும்.

"நான் செத்தாலும் அவன்ரை வளவுக்காலை போகமாட்டன்" என்பது மாமாவின் நிரந்தர வாக்குமூலம்.

சரி, சுற்றிப் போவோம், அதற்கு நீளமான வயர் வேண்டும். எங்களிடம் இருந்தது. மச்சான் அனுப்புகிற பெட்டிகளில் சொக்கிலேற்றோடும் சம்பூவோடும் செம்மஞ்சள் நிற நீட்டு வயர்களும் வந்திருந்தன. கனடா வயர்! அவற்றை நாங்கள் பாவிக்கவில்லை. அலுமாரியின் மேல்தட்டில் வைத்து, வருகிறவர்களுக்குக் காட்டினோம். எங்கள் தீவுகளில் வெளிநாட்டுச் சாமானை ஒருவரும் சந்தேகிப்பதில்லை. அது எதற்குச் செய்யப்பட்டது என்று கேட்பதும் இல்லை. நான் அவற்றை எடுத்து, நுனியோடு நுனி பூட்டி, தட்டைப் பல் பிளக்கைக் கழற்றி ஒரு நுனியில் எங்கள் பிளக்கையும் மறு நுனியில் பல பிளக் பூட்டுகிற சொக்கற் கட்டையையும் மாட்டி, தோளில் போட்டுக்கொண்டு கோயில் வடம் இழுக்கிறவன் மாதிரிப் புறப்பட்டேன்.

மனைவி குசினி வாசலில் நின்று பார்த்தாள்.

"என்னப்பா, உது தையல் நூல் மாதிரியெல்லோ இருக்கு. உதுக்காலை அவ்வளவு தூரம் கரண்ட் போகுமோ?"

"உமக்குத் தெரியாது. மெல்லிசெண்டால்தான் வேகம். கனடாச் சாமான்."

"கனடாவிலை உதை நத்தாருக்குக் கிறிஸ்மஸ் மரத்திலை லைற் போட வைச்சிருப்பினம்."

"அங்கத்தைய நத்தார் மரம் எவ்வளவு பெரிசெண்டு உமக்குத் தெரியுமோ?"

அவள் குசினிக்குள் திரும்பிப் போனாள். அவள் இப்படி வாதத்தை விட்டுப் போகிற நேரங்கள்தான் நான் பயப்படவேண்டிய நேரங்கள் என்பது எனக்குக் கலியாணம் கட்டி இத்தனை காலம் ஆகியும் உறைக்கவில்லை.

வயர் போய்ச் சேர்ந்தது. கொஞ்சம் மிஞ்சியும் விட்டது. வெட்டலாமா? வெளிநாட்டு வயரை வெட்ட மனம் வருமோ? மிச்சத்தை அழகாக வளையம் வளையமாகச் சுருட்டி, கொட்டிலின் மூலைக் கப்பு மரத்தில், காய்ந்த ஓலைக்குக் கீழே தொங்கவிட்டேன். மிஷினைப் பூட்டினேன். ஓடியது. மாமா அன்றிரவு நித்திரை கொண்டார். விடியக் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார். நான் அந்த வயரைத் தடவிக் கொடுத்தேன். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. கட்டிலில் கிடந்த மனிதர் கண்ணை மூடி மூச்சு விடுவதைப் பார்ப்பதைவிடப் பெரிய காட்சி ஒன்றும் அப்போது எங்களுக்கு இருக்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு பின்னேரம் ஆட்கள் வந்தார்கள்.

வருத்தக்காரரைப் பார்க்க ஊரே திரண்டு வருவது எங்கள் வழக்கம். ஆளுக்கொரு சத்துமா டின், இல்லாவிட்டால் ஒரு பெட்டி கிறீம்கிறக்கர் பிஸ்கற். கரம்பொன்னில் இருந்து சொந்தங்கள் ஒரு வானில் வந்து இறங்கின. எங்கள் பிள்ளையார் கோயில் ஐயரும் திருநீற்றோடு வந்தார். நயினாதீவில் தலைமுறையாகப் பூசை செய்கிற குடும்பத்து ஆள். குரலைத் தணித்துக் கதைத்தாலே கோயிலின் மூன்று வீதிக்கும் கேட்கும். கொட்டிலில் கதிரைகளை அடுக்கி எல்லாரையும் இருத்தினேன். வந்தவர்களுக்கு வேர்க்கக் கூடாது என்று வீட்டு ஃபானைக் கொண்டுவந்து பூட்டினேன். வந்தவர்கள் தேத்தண்ணி குடிக்காமல் போகக்கூடாது. குசினி தூரம். ஒட்சிசன் இருக்கிற இடத்தில் அடுப்பு மூட்டக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதை நினைவில் வைத்திருந்த ஒரே அறிவாளி நான். ஆகவே மின்சாரக் கேத்திலைக் கொண்டுவந்து அதே வயரில் பூட்டினேன்.

ஃபான் சோம்பலாகச் சுற்றத் தொடங்கியது. நம்பரைக் கூட்டினேன். கேத்தில் முனகிக்கொண்டே இருந்தது, கொதிக்கவில்லை. நான் ஒரு பகிடியின் நடுவில் இருந்தேன். மிஷின் கத்தியது.

அது எப்படிக் கத்தும் என்று நான் அதுவரை கேட்டதில்லை. கோழிக்குஞ்சைப் பருந்து தூக்கின மாதிரி விடாமல் கீச்சிட்டது. சிவப்பு வெளிச்சம் மின்னியது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாமாவும் பார்த்தார்.

இங்கே என் மூளை என்ன செய்தது என்று சொல்ல எனக்கே வெட்கம், ஆனாலும் சொல்கிறேன். குழாயில் மடிப்பு விழுந்தால் தண்ணீர் வராது. ஆகவே வயரில் எங்கோ மடிப்பு விழுந்திருக்கிறது! சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வயரைப் பிடித்தபடி வேலியோரமாக ஓடினேன். வளைந்து கிடந்த இடமெல்லாம் நிமிர்த்தினேன். இரண்டு இடத்தில் உதறினேன். ஓரிடத்தில் ஊதிப் பார்த்தேனாம். அது கரம்பொன் சொந்தங்கள் பிறகு சேர்த்துக்கொண்ட பொய் என்று நம்ப விரும்புகிறேன்.

பின்னால் மாமாவின் குரல் மெலிசாகக் கேட்டது.

"தம்பி! நான் இன்னும் போகேல்லை. நீர் ஏன் எனக்கு முன்னாலை ஓடுறீர்?"

திரும்பி ஓடிவந்தேன். அப்போதுதான் மணம் பிடித்தது. றப்பர் வேகிற மணம். மூலைக் கப்பில் தொங்கின என் அருமைச் சுருளைத் தொட்டேன். அப்பத் தாச்சி மாதிரிச் சுட்டது. செம்மஞ்சள் தோல் இளகிக் கையில் ஒட்டியது. மேலே காய்ந்த பனையோலை, நாலு பக்கமும் சோளகக் காற்று, நடுவில் மூக்கில் ஒட்சிசனோடு மாமா.

"நெருப்பு! நெருப்பு!" என்று கத்தினேன். நெருப்பு இருக்கவில்லை. என் குரல் மட்டும்தான் பற்றி எரிந்தது. சொந்தங்கள் கதிரைகளை விழுத்திக்கொண்டு வெளியே பாய்ந்தன. ஐயர் ஒருவர்தான் உருப்படியாக யோசித்தார். கிணற்றுத் துலாவைச் சரித்து ஒரு வாளி தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்து சுருளின் மேல் ஊற்றக் கையை ஓங்கினார்.

"ஐயா, ஊத்தாதேங்கோ! கரண்ட்!"

என் மனைவி. பிஸ்கற் தட்டோடு அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள். தட்டை ஐயரின் கையில் திணித்தாள். கேத்திலின் பிளக்கை இழுத்தாள். ஃபானை நிற்பாட்டினாள். மிஷினின் கீச்சு சட்டென்று நின்றது. பிறகு குனிந்து, மாமாவின் கட்டிலுக்குக் கீழே இருந்து சிலிண்டரை இழுத்து எடுத்தாள். கட்டிலுக்குக் கீழே! நானே வைத்த இடம். ஓடின ஓட்டத்தில் அது உலகத்தில் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. குழாயை மாற்றிப் பூட்டி, தகப்பனின் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். மாமா கண்ணால் 'ஓம்' என்றார்.

"இப்ப வீட்டை போய் அந்தப் பிளக்கைக் கழட்டுங்கோ" என்றாள் என்னிடம். "நடந்து போங்கோ."

ஓடித்தான் போனேன். கழற்றின பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றேன். அவள் மட்டும் அங்கே இல்லாவிட்டால் என்ற நினைப்பு வந்ததும் நிலத்தில் இருந்துவிட்டேன். என் பகிடிகள் ஒன்றும் உதவிக்கு வரவில்லை.

நான் திரும்பிப் போனபோது சொந்தங்கள் துணிவு பெற்று மீண்டும் கதிரைகளில் இருந்திருந்தன. மனைவி எனக்கு முன்னால் பிஸ்கற்றுகளை எடுத்துக் கதிரையில் வைத்தாள்.

"உயர்தர ரியூசனிலை எனக்குப் பின் வாங்கிலைதானே இருந்தனீங்கள்? மின்தடை படிப்பிக்கேக்கை என்ன செய்தனீங்கள்?"

"உம்மடை பின்னலைப் பாத்துக்கொண்டிருந்தனான்."

கரம்பொன் சொந்தங்கள் சிரித்தன. அவள் சிரிக்கவில்லை, ஆனால் முகம் கொஞ்சம் இளகினது.

"இது ஒரு வயரின்ரை வெட்டுமுகம் எண்டு நினையுங்கோ" என்று ஒரு பிஸ்கற்றைத் தனியே வைத்தாள். பிறகு பக்கத்தில் இரண்டு, அதற்குக் கீழே இரண்டு. "இது இரண்டு மடங்கு அகலமான வயர். எத்தினை பிஸ்கற்?"

"நாலு."

"தடிப்பு இரண்டு மடங்கெண்டால் கரண்ட் போறதுக்கு நாலு மடங்கு இடம். தடை நாலிலை ஒண்டு. நீங்கள் செய்தது மற்றப்பக்கம். தடிப்பைக் குறைச்சு, நீளத்தைக் கூட்டி. நீளம் இரண்டு மடங்கெண்டால் தடையும் இரண்டு மடங்கு. திருவிழாவுக்கு நயினாதீவு போற சனம் வள்ளமேறக் குறிகாட்டுவான் பாலத்திலை நிக்கிற மாதிரி. பாலம் ஒடுக்கமெண்டாலும் இடி, நீளமெண்டாலும் இடி. எல்லாரும் இடிபட்டு வேர்த்து வழிஞ்சு, அந்தப் பக்கம் போய்ச் சேரேக்கை ஒருத்தரிட்டையும் சத்தில்லை. மிஷினுக்குப் போனது அந்தச் சத்தில்லாத மிச்சம்தான்."

"மிஷின் இத்தினை நாளும் ஓடினதே!"

"மிஷின் மட்டும் கொஞ்சம்தான் இழுக்கும். ஒடுக்கப் பாலத்தாலை பத்துப் பேர் போகலாம். நீங்கள் கேத்திலைப் பூட்டித் தேருக்கு வந்த சனத்தையே விட்டிட்டியள். வழியிலை இடிபட்ட சூடெல்லாம் வயரிலை. நீட்டிக் கிடந்த வயருக்குக் காத்துப் பட்டுது. சுருளுக்குள்ளை சூடு போக வழியில்லை."

"சுருளுக்குள்ளை கரண்ட் சேமிப்பிலை இருக்குமெண்டு…"

"என்ன இருக்கும்?"

"ஒண்டுமில்லை" என்று சொல்லி அந்த நாலு பிஸ்கற்றையும் எடுத்துச் சாப்பிட்டேன். ஆதாரம் அழிக்கப்பட்டது.

மனைவி எழும்பினாள். "சிலிண்டர் கனநேரம் வராது. அப்பா, இண்டைக்கு உள்ளுக்குப் போவம்."

மாமா போறணை என்று பகிடி விட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கொட்டில் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். அறைக்குள் போனால் நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை என்பது அவருக்கும் எங்களுக்கும் தெரியும். அந்த உருகின வயரில் இனி மிஷினைப் பூட்ட ஏலாது என்பதும் தெரியும்.

ஐயர் தொண்டையைச் செருமினார். "கோயிலிலை திருவிழா லைற்றுக்கு எடுத்த வயர் கிடக்குது. சின்னிவிரல் தடிப்பு. திருவிழா முடிஞ்சுது, அடுத்த வருசம் மட்டும் அது சும்மாதான் படுத்திருக்கும். பிள்ளையாருக்கு மூச்சு விட வயர் தேவையில்லை. எடுங்கோ."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கும்பிட்டேன். மனைவி மட்டும் கணக்குப் பார்த்தாள்.

"எவ்வளவு நீளம் ஐயா?"

"கோயில் மடத்திலையிருந்து கோபுர வாசல் மட்டும்."

அவள் வீட்டைப் பார்த்தாள், கிணற்றைப் பார்த்தாள், நடுவில் நின்ற அடுத்த காணியைப் பார்த்தாள். "நேரை போனால் நீளம் காணும். சுத்திப் போகக் காணாது."

அப்போது வேலிக்கு அப்பாலிருந்து ஓர் இருமல் கேட்டது. அடுத்த வீட்டு அண்ணை! கையில் நிரம்பின வாளி. 'நெருப்பு' என்று நான் கத்தினதைக் கேட்டு ஓடிவந்தவர், வேலியைத் தாண்டி வரவும் மாட்டாமல் திரும்பிப் போகவும் மாட்டாமல் அவ்வளவு நேரமும் தண்ணீரோடு அங்கேயே நின்றிருக்கிறார்.

"தம்பி" என்றார் என்னைப் பார்த்து. மாமாவைப் பார்க்கவில்லை. "ஆள் வராட்டிலும் வயர் வரட்டும். என்ரை வளவுக்காலை நேரை இழும்."

மாமா கூரையைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னார்: "தம்பி, அவரிட்டைச் சொல்லும், ஆரின்ரை தயவிலையும் மூச்சு விடவேண்டிய நிலைமை எனக்கு இன்னும் வரேல்லையெண்டு."

இரண்டு பேருக்கும் இடையில் ஒரு வேலி; இரண்டு பேருக்கும் காது நல்லாய்க் கேட்கும். நான் நடுவில் மொழிபெயர்ப்பாளன் மாதிரி நின்று வேலியைப் பார்த்தேன்.

"அண்ணை, மாமா சொல்லுறார்…"

"கேட்டது. அவருக்குச் சொல்லும், தயவில்லை எண்டு. ராவிலை அவர் இளைக்கிறது என்ரை படுக்கையறைக்குக் கேக்குது. எனக்கு நித்திரை வேணும்."

மாமாவின் நெஞ்சு குலுங்கியது. நான் பயந்துபோனேன். மனைவி குனிந்து பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். மூச்சுக்கு வலிக்கிற சிரிப்பு, ஆனால் சிரிப்பு.

"அப்ப அவரிட்டைச் சொல்லும்" என்றார் மூச்சு வந்ததும், "வேலியிலை பொத்து வைக்கேக்கை அந்தத் தள்ளி நட்ட கதியாலைப் பாத்து வைக்கட்டாம்."

"அது தள்ளி நட்டதில்லையெண்டு சொல்லும்" என்றார் அண்ணை. வேலியை வெட்டி ஓட்டையாக்கிப் பொத்து வைப்பதற்குக் கத்தி எடுக்க வீட்டுக்குப் போனார்.

அன்றிரவு மட்டும் மாமா அறையில் கிடந்தார். விடிய வயர் வேலை செய்கிற தம்பி ஒருவர் ஊர்காவற்றுறையில் இருந்து வந்தார். கோயில் வயரை நானும் ஐயரும் சுமந்து வந்தோம். தோள் வலித்தது, அந்த வலி எனக்குப் பிடித்திருந்தது. தம்பி அதை ஒரு பைப்புக்குள் போட்டு, நிலத்தில் புதைத்து, அண்ணையின் பூவரசுகளுக்குக் கீழால் நேரே கொட்டிலுக்குக் கொண்டுபோனார். நீளம் பாதியாகிவிட்டது. சுருட்ட ஒரு முழமும் மிஞ்சவில்லை. நான் கேத்திலைத் தொடக்கூடாது என்று மனைவி எல்லார் முன்னாலும் சட்டம் போட்டாள். கிணற்றடிக்குத் தேத்தண்ணி இப்போது பிளாஸ்கில் போகிறது. அதைக் கொண்டுபோகிற வேலை எனக்கு. மச்சானுக்கு நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. பாவம், அன்பாக அனுப்பினவன். நத்தார் மர வயரைக் கொண்டுபோய்த் தகப்பனின் மூச்சில் பூட்டச் சொல்லி அவன் எங்கே சொன்னான்?

அண்ணை பின்னேரங்களில் தன் வளவுக்குள்ளால் போகிற வயர் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வருகிறார். நிலத்துக்குக் கீழே, பைப்புக்குள் கிடக்கிற வயரில் பார்க்க என்ன இருக்கிறதென்று நான் கேட்கவில்லை. பொத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கதிரை போட்டு வைத்திருக்கிறேன். அதில் இருந்து இரண்டு பேரும் கதியாலைப் பற்றி என் மூலமாகச் சண்டை பிடிக்கிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நெருப்புப் பிடிக்கவில்லை. மாமாவுக்கு ஒட்சிசன் நிற்கவில்லை. குழாய் மாற்றிப் பூட்டின அந்தக் கொஞ்சநேரம் மட்டும்தான் இடைவெளி. தடித்த வயர் போட்ட பிறகு மிஷின் ஒருநாளும் கத்தவில்லை. மாமா கொட்டிலில்தான் படுக்கிறார். இரவில் நித்திரை கொள்கிறார், விடியக் கஞ்சி குடிக்கிறார்.